“கியர்பாக்ஸ் போச்சு சார்!” – 70,000 ரூபாய்க்கு ஓகே சொல்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க



“கார்ல பிக்கப் இல்ல சார். மெக்கானிக் கியர்பாக்ஸ் வேலைன்னு சொல்லி 70,000 எஸ்டிமேட் கொடுத்திருக்கார். பர்சனல் லோன் எடுக்கலாமா, கிரெடிட் கார்டுல போட்டு இஎம்ஐ ஆக்கலாமா?”

இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வரும். லோனா, கார்டாங்கிறது ரெண்டாவது கேள்வி. முதல் கேள்வி, அந்த 70,000 ரூபாய் வேலை உண்மையிலேயே தேவையா?

ஆடிட்ல ஒரு பழைய விதி இருக்கு. வவுச்சர் இல்லாம பேமென்ட் கிடையாது. கார் ரிப்பேருக்கும் அதே விதிதான். “பிக்கப் இல்ல” என்பது ஒரு அறிகுறி மட்டுமே. அதுக்குக் காரணம் டயர்ல காத்து குறைஞ்சதாவும் இருக்கலாம், கியர்பாக்ஸே போனதாவும் இருக்கலாம். ஒண்ணுக்குச் செலவே இல்லை, இன்னொண்ணுக்கு ஆறு இலக்கத்துல பில் வரும். எது காரணம்னு ஆதாரம் கையில வராத வரைக்கும் பெரிய தொகைக்கு ஓகே சொல்லாதீங்க. இந்தக் கட்டுரையோட சாரமே இதுதான். அந்த ஆதாரத்தை எப்படித் தேடுறதுன்னு பார்ப்போம்.

முதல் கேள்வி: ஆர்பிஎம் ஏறுதா, ஏறலையா?

கார் நகர ரெண்டு விஷயம் நடக்கணும். இன்ஜின் சக்தியை உருவாக்கணும். கிளட்ச்சும் கியர்பாக்ஸும் அதைச் சக்கரத்துக்குக் கொண்டு போகணும். சம்பளம் வந்துச்சா, வந்த சம்பளம் வீட்டுக்கு வந்து சேர்ந்துச்சாங்கிற மாதிரி.

காலியான ரோட்டுல 40–50 கிமீ வேகத்துல நாலாவது கியர்ல போகும்போது ஆக்சிலரேட்டரை நல்லா மிதிங்க. பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவர் மீட்டரைப் பார்க்கட்டும்.

- ஆர்பிஎம் சட்டுனு ஏறுது, ஆனா வேகம் ஏறல: சக்தி உருவாகுது, போய்ச் சேரல. மேனுவல் கார்ல இது பெரும்பாலும் கிளட்ச் ஸ்லிப். கருகின வாடையும் வந்தா சந்தேகம் இன்னும் வலுவாகும்.
- ஆர்பிஎம்மே ஏற மாட்டேங்குது: பிரச்சினை இன்ஜின் பக்கம். காற்று, எரிபொருள், ஸ்பார்க், டர்போ, புகை வெளியேறும் வழின்னு இதுல ஏதோ ஒண்ணு. இந்த நிலையில ஒருத்தர் “கிளட்ச் மாத்தணும்”னு சொன்னா, ஏன்னு கேளுங்க.
- ரெண்டும் ஏறுது, ஆனா கியர் மாறும்போது இடிக்குது, தாமதமாகுது, சத்தம் வருது: இப்போதான் கியர்பாக்ஸ், அதோட ஆக்சுவேட்டர், இன்ஜின் மவுன்ட் பக்கம் பார்வை போகணும்.

இதுல ரெண்டு விதிவிலக்கு உண்டு. சிவிடி கியர்பாக்ஸ் உள்ள கார்ல முழுசா மிதிச்சா ஆர்பிஎம் முதல்ல ஏறும், வேகம் பின்னாடி வரும். அது அதோட சுபாவம். ஏஎம்டி கார்ல கியர் மாறும்போது தலை லேசா முன்னாடி போய்ட்டு வரும். அதுவும் சுபாவம்தான். வாங்கின நாள்லேருந்து அப்படியே இருந்தா கவலை வேண்டாம். திடீர்னு மாறியிருந்தா மட்டும் கவனிக்கணும்.

மேனுவல் கிளட்ச்சுக்கு இன்னொரு டெஸ்ட் இருக்கு. முன்னாடி யாரும், எதுவும் இல்லாத சமதளத்துல வண்டியை நிறுத்துங்க. ஹேண்ட் பிரேக்கை முழுசா இழுங்க, வலது கால் பிரேக்ல இருக்கட்டும். நாலாவது கியர் போட்டு கிளட்ச்சை மெதுவா விடுங்க. கிளட்ச் நல்லா இருந்தா இன்ஜின் உடனே ஆஃப் ஆயிடும். ஆஃப் ஆகாம ஓடிக்கிட்டே இருந்தா பிளேட் வழுக்குது. ஒரு தடவை போதும். திரும்பத் திரும்பச் செய்தா நல்ல கிளட்ச்சும் தேயும்.

காசு செலவில்லாத செக்

ஷெட்டுக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டு வாசல்லயே 20 நிமிஷத்துல பார்க்கக்கூடியவை:

1. டயர் காற்று. டிரைவர் கதவு ஓரத்துல இருக்கிற ஸ்டிக்கர்ல எவ்வளவு போட்டிருக்குன்னு பார்த்து அதே அளவு பிடிங்க.
2. ஃப்ளோர் மேட். ஆக்சிலரேட்டருக்கு அடியில மேட் மடிஞ்சு போயிருந்தா பெடல் முழுசா இறங்காது. சிரிக்காதீங்க, இது நடக்குது.
3. ஏசி. சின்ன இன்ஜின் கார்ல ஃபுல் ஏசி, நாலு பேர், மேம்பாலம்னா இழுவை குறையத்தான் செய்யும். ஏசியை அணைச்சுட்டு அதே மேம்பாலத்துல ஏத்திப் பாருங்க. ஈகோ மோடு ஆன்ல இருக்கான்னும் பாருங்க.
4. பிரேக் பிடிச்சுக்கிட்டே இருக்கா? பத்து நிமிஷம் ஓட்டிட்டு நாலு சக்கரத்துப் பக்கத்திலயும் கையைக் கொண்டு போங்க, தொட வேண்டாம். ஒரு சக்கரத்துல மட்டும் அனல் அடிச்சா பிரேக் ரிலீஸ் ஆகல. கியர்பாக்ஸ் மேல பழி போடுறதுக்கு முன்னாடி இதைச் சரி பண்ணணும்.
5. ஏர் ஃபில்டர். பெரும்பாலான கார்கள்ல கையாலேயே திறந்து பார்க்கலாம். தூசி அப்பிக் கிடந்தா மாத்துங்க. சாதாரண கார்ல சில நூறு ரூபாய்தான்.

ஃபால்ட் கோடுதான் உங்க வவுச்சர்

இப்போ ரோட்டுல ஓடுற பெரும்பாலான கார்கள்ல ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓபிடி போர்ட் இருக்கும். கார் கம்ப்யூட்டர் தன்னோட புகார்களை அதுல கோடா எழுதி வைக்கும். மெக்கானிக் ஸ்கேனர் வெச்சுப் படிப்பார். ஒரு புளூடூத் அடாப்டர் வாங்கி உங்க போன்லயும் படிக்கலாம். ஒரு நல்ல டின்னர் செலவுதான் ஆகும்.

அடிக்கடி வர்ற கோடுகள்:

- பி0300: இன்ஜின் மிஸ் ஆகுது. பி0301-லிருந்து பி0304 வரை வந்தா எந்த சிலிண்டர்னும் தெரிஞ்சிடும்.
- பி0171: காற்று அதிகம், எரிபொருள் குறைவு.
- பி0299: டர்போவுல வர வேண்டிய அழுத்தம் வரல.
- பி0420: கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சரியா வேலை செய்யல.
- பி0700: ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோட கம்ப்யூட்டர் புகார் சொல்லியிருக்கு. இது தலைப்பு மட்டும்தான். உண்மையான விஷயம் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கோடா இருக்கும். “பி0700 வந்திருக்கு, கியர்பாக்ஸ் மாத்தணும்”னு சொன்னா அந்த ரெண்டாவது கோடைக் காட்டச் சொல்லுங்க.

கோடு எந்தப் பக்கம் தேடணும்னு காட்டும். எந்தப் பார்ட்டை மாத்தணும்னு சொல்லாது. பி0299 வந்தா டர்போ போச்சுன்னு அர்த்தமில்ல. அழுத்தம் ஒரு கிழிஞ்ச ரப்பர் ஹோஸ் வழியாவும் போயிருக்கலாம்.

மலிவா நிரூபிக்கிற வழி பல நேரம் இருக்கும். உதாரணத்துக்கு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இக்னிஷன் காயில் உள்ள கார்ல பி0302 வந்திருக்குன்னு வைங்க. ரெண்டாவது சிலிண்டர் காயிலையும் மூணாவது காயிலையும் இடம் மாத்தி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்க. கோடு பி0303-ஆ மாறினா காயில்தான் குற்றவாளி. மாறலைன்னா பிளக், இன்ஜெக்டர்னு அடுத்ததுக்குப் போகலாம். இதுக்குப் புது பார்ட் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

ரெண்டு எச்சரிக்கை. ஒண்ணு, மேனுவல் கார்ல கிளட்ச் வழுக்கினா பொதுவா எந்தக் கோடும் வராது. அங்கே மேலே சொன்ன ரோடு டெஸ்ட்தான் ஆதாரம். ரெண்டு, கோடை போட்டோ எடுக்கிறதுக்கு முன்னாடி யாரையும் கிளியர் பண்ண விடாதீங்க, பேட்டரியையும் கழட்ட விடாதீங்க. ஆதாரம் அழிஞ்சிடும்.

நடந்த ஒரு விஷயம்

எங்க ஆபீஸ் ஜூனியர் ஒருத்தர் ஏழு வருஷப் பழைய டீசல் ஹேட்ச்பேக் வாங்கினார். திண்டிவனம் தாண்டி லாரியை ஓவர்டேக் பண்ணப் போனப்போ வண்டி இழுக்கவே இல்லை. எதிர்ல பஸ் வருது. எப்படியோ பின்வாங்கித் தப்பிச்சார். மறுநாள் ஷெட்டுல காட்டினா, பத்து நிமிஷத்துல பதில் வந்துடுச்சு. “கிளட்ச் செட், டர்போ ரெண்டும் போச்சு தம்பி, 64,000 ஆகும்.” ஸ்கேன் பண்ணலை, ஓட்டிப் பார்க்கலை.

அவர் என்கிட்ட கேட்டது சம்பள அட்வான்ஸ். நான் கேட்டது, “ஆர்பிஎம் ஏறுச்சா?” “மூவாயிரம் தாண்டவே மாட்டேங்குது சார்”னார். அப்படின்னா கிளட்ச் மேல சந்தேகப்பட என்ன இருக்கு? இன்னொரு ஷெட்டுல ஸ்கேன் பண்ணினாங்க. பி0299. இன்ஜினைக் காப்பாத்த கம்ப்யூட்டரே சக்தியைக் குறைச்சிருந்தது. இதைத்தான் லிம்ப் மோடுன்னு சொல்றாங்க. இன்டர்கூலர் ஹோஸ்ல விரிசல் இருந்தது. ஹோஸ், கிளிப், ஸ்கேன், லேபர் எல்லாம் சேர்த்து நாலு இலக்கத்துலயே முடிஞ்சது.

முதல் மெக்கானிக் ஏமாத்தினார்னு நான் சொல்லல. அவர் யூகிச்சார். ஆனா அந்த யூகத்துக்குப் பணம் கட்டியிருக்க வேண்டியது இவர்.

எந்த கியர்பாக்ஸ்ல என்ன ரிஸ்க்?

*மேனுவல்:* கிளட்ச் தேயுறது இயல்பு. சாதாரண ஹேட்ச்பேக்ல ஐந்து இலக்கத்தோட ஆரம்பத்துல முடியும். டூயல் மாஸ் ஃப்ளைவீல் உள்ள டீசல் கார்ல அதையும் சேர்த்து மாத்த நேர்ந்தா பல மடங்கு ஆகும். கிளட்ச் மேல காலை வெச்சுக்கிட்டே ஓட்டுற பழக்கம்தான் இதுக்கு முதல் எதிரி.

*ஏஎம்டி:* 2014-ல் செலேரியோ மூலமா இந்தியாவில பிரபலமானது. உள்ளே இருக்கிறது மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சையும் கியரையும் ஆக்சுவேட்டர் இயக்குது. மேம்பாலச் சரிவுல சிக்னல் விழும்போது பிரேக் மிதிக்காம ஆக்சிலரேட்டராலயே வண்டியை நிறுத்தி வெச்சா கிளட்ச் கருகும். கிளட்ச் மாத்தின பிறகு ஸ்கேனர் வெச்சு கிளட்ச் புள்ளியைக் கம்ப்யூட்டருக்குக் கத்துக்கொடுக்கணும். அதைச் செய்யாம “ஜெர்க் போகல, ஆக்சுவேட்டரும் மாத்தணும்”னு சொன்னா ஏத்துக்காதீங்க.

*டார்க் கன்வெர்ட்டர், சிவிடி:* உயிர் ஆயில்ல இருக்கு. அந்த கியர்பாக்ஸுக்குன்னு கம்பெனி சொன்ன ஆயில்தான் ஊத்தணும். ஆயில் கருத்து, தீஞ்ச வாடை வந்தா உள்ளே தேய்மானம் ஆரம்பிச்சிருக்கலாம். உள்ளே கை வைக்க வேண்டி வந்தா லட்சத்தைத் தொடலாம்.

*டிசிடி:* உலர் கிளட்ச் வகை, ஊர்ந்து போற டிராஃபிக்ல சூடாகும். சூடு வார்னிங் வந்தா ஓரமா நிறுத்தி ஆற விடுங்க.

*பிஎஸ்-6 டீசல்:* கியர்பாக்ஸ் எதுவா இருந்தாலும் இதைக் கவனிங்க. புகைக்கரியைப் பிடிக்கிற டிபிஎஃப் ஃபில்டர், நெடுஞ்சாலை வேகத்துல ஓடும்போதுதான் கரியை எரிச்சுத் தன்னைச் சுத்தம் பண்ணிக்கும். தினமும் வீட்டுக்கும் ஆபீஸுக்கும் அஞ்சு கிலோமீட்டர்னா அடைச்சுக்கும், பிக்கப் குறையும். டிபிஎஃப் லைட் எரிஞ்சா ஓனர் மேனுவல்ல சொன்னபடி ஹைவேல நிதானமா ஒரு ஓட்டம். தினசரி ஓட்டம் குறைவா இருக்கிறவங்க டீசல் வாங்குறதையே யோசிங்க.

தள்ளிப்போடக் கூடாத நேரம்

ஆதாரம் கேளுங்கன்னு சொன்னேன், ஆற அமரப் பார்க்கலாம்னு சொல்லல.

- செக் இன்ஜின் லைட் சிமிட்டினா: கடுமையான மிஸ்ஃபயர். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதையும் கெடுக்கும். வேகத்தைக் குறைச்சு, பாதுகாப்பான இடத்துல நிறுத்துங்க.
- கிளட்ச் வழுக்குறது உறுதியானா: பிளேட்டோட முடிய வேண்டிய செலவு ஃப்ளைவீலுக்கும் போகும்.
- கியர்பாக்ஸ் ஆயில் தரையில சொட்டினா: ஓட்டாதீங்க. ஒரு சீல் செலவு ஒரு கியர்பாக்ஸ் செலவா மாறிடும்.
- லிம்ப் மோடுல ஓவர்டேக் வேண்டவே வேண்டாம்.

பணம் நீங்கதான் கட்டணுமா?

வாரன்டி: கம்பெனி வாரன்டியோ, எக்ஸ்டெண்டட் வாரன்டியோ பாக்கி இருக்கான்னு முதல்ல பாருங்க. கிளட்ச் பிளேட் மாதிரி தேயுற பார்ட்கள் வழக்கமா இதுல வராது. கியர்பாக்ஸ் உள் பாகங்கள், ஆக்சுவேட்டர், கம்ப்யூட்டர் எல்லாம் வர வாய்ப்பு உண்டு. வாரன்டி இருக்கும்போது வெளியில பிரிச்சா அது கைவிட்டுப் போகலாம்.

இன்சூரன்ஸ்: “ஜீரோ டெப் இருக்கே”ன்னு நிறைய பேர் நம்பிக்கிட்டு இருக்காங்க. விபத்து இல்லாத இயந்திரக் கோளாறும் தேய்மானமும் மோட்டார் பாலிசியில கிடையாது. இன்ஜின், கியர்பாக்ஸ் பாதுகாப்புன்னு தனியா ஆட்-ஆன் இருக்கு. வெள்ளத் தண்ணி உள்ளே போறது, அடிபட்டு ஆயில் கசியுறது மாதிரி சேதத்துக்குத்தான் அது. சென்னை மழைக்கு நல்லது, தேஞ்ச கிளட்ச்சுக்கு உதவாது.

ரெக்கார்டு: அமெரிக்காவில ஃபோர்டு ஃபோக்கஸ், ஃபியஸ்டா கார்களோட டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் பத்தி ஒரு பெரிய வழக்கு நடந்தது. 2020-ல் கோர்ட் சமரசத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. டீலர்கிட்ட எத்தனை தடவை அந்த வேலை நடந்திருக்குங்கிறதை வெச்சு இழப்பீடு கணக்கிட்டாங்க. அந்த உரிமை அவங்களுக்கு மட்டும்தான், ஆனா பாடம் நமக்கும் பொருந்தும். ஒவ்வொரு தடவையும் “கியர் ஜெர்க் ஆகுது”ன்னு ஜாப் கார்டுல எழுத வைங்க. வாயால சொன்ன புகார் கணக்குல வராது.

தீராத சண்டைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல, நீங்க கொடுத்த தொகை 5 லட்சம் வரைன்னா மனுவுக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்ததுலேருந்து 2 வருஷத்துக்குள்ள போகணும்.

எஸ்டிமேட்ல பார்க்க வேண்டியவை

- பார்ட் தனியா, லேபர் தனியா எழுத்துல இருக்கா?
- எந்த டெஸ்ட் இந்த முடிவைக் காட்டுச்சு? கோடு, அளவு, போட்டோ?
- மாத்தின பழைய பார்ட்டைத் திருப்பிக் கொடுப்பாங்களா?
- வேலைக்கு எத்தனை மாசம் வாரன்டி?
- ஜிஎஸ்டி சரியா? 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்களுக்கு 18 சதவீதம்தான், லேபருக்கும் 18. பழைய 28 சதவீதத்துல எஸ்டிமேட் வந்தா கேள்வி கேளுங்க. ஜிஎஸ்டி பதிவே இல்லாத ஷெட் பில்லுல ஜிஎஸ்டி போட முடியாது.

ஐந்து இலக்கத்தைத் தாண்டுற எந்த வேலைக்கும் வேற இடத்துல ரெண்டாவது ஒபினியன் எடுங்க. அதுக்கு ஆகுற ஆயிரம், ரெண்டாயிரம் வீண் செலவு இல்லை.

வேலை நிஜம்தான்னா, கணக்கு இப்படி

ஆதாரத்தோட 70,000 செலவு உறுதின்னு வைங்க. எமர்ஜென்சி ஃபண்டு இருக்கிறதே இதுக்குத்தான். எடுங்க, அடுத்த ஆறு மாசத்துல திரும்ப நிரப்புங்க. இல்லாதவங்களுக்கு:

- 16 சதவீத வட்டியில 24 மாச பர்சனல் லோன்: மாசம் சுமார் ரூ.3,427. மொத்தம் கட்டுறது சுமார் ரூ.82,260. வட்டி மட்டும் 12,000-க்கு மேல.
- கார்டுல தேய்ச்சு மினிமம் டியூ மட்டும் கட்டினா: மாசம் 3.5 சதவீதம்னா முதல் மாச வட்டியே ரூ.2,450. அதுமேல ஜிஎஸ்டி ரூ.441. வேண்டவே வேண்டாம்.

ரிப்பேர் பண்ணலாமா, வித்துடலாமா? “இதுவரைக்கும் எவ்வளவு கொட்டியிருக்கேன் தெரியுமா” என்பதைக் கணக்குல எடுக்காதீங்க, அந்தப் பணம் போனது போனதுதான். ரெண்டு விலை மட்டும் விசாரிங்க. அப்படியே வித்தா என்ன, சரி பண்ணி வித்தா என்ன? அப்படியே 1.8 லட்சம், சரி பண்ணினா 2.9 லட்சம்னா வித்தியாசம் 1.1 லட்சம். 70,000 போடுறது நியாயம். சரி பண்ணினாலும் 2.3 லட்சம்தான்னா வித்தியாசம் 50,000. அப்போ கோளாறைச் சொல்லியே வித்துடுங்க.

பழைய கார் வாங்கப் போறவங்களுக்கும் ஒரு டிப். ஸ்கேன் பண்ணும்போது கோடு இல்லைன்னு சந்தோஷப்படாதீங்க. “ரெடினெஸ்” பகுதியில பல டெஸ்ட்கள் முடியலைன்னு காட்டினா கோடுகளைச் சமீபத்துல அழிச்சிருக்கலாம், இல்லைன்னா பேட்டரியைக் கழட்டியிருக்கலாம். ரெண்டு நாள் ஓட்டிட்டு மறுபடி ஸ்கேன் பண்ணணும்னு கேளுங்க.

கடைசியா ஒரு வேலை. கார் இஎம்ஐ கட்டுற தேதியிலயே மாசம் 2,500 ரூபாய் ஒரு ஆர்டியில போடுங்க, பேர் “கார் ரிப்பேர்”. வருஷத்துக்கு 30,000. அந்த ஆர்டி கட்ட முடியாதுன்னா, அந்தக் கார் உங்க சம்பளத்துக்குக் கொஞ்சம் பெரிசுன்னு அர்த்தம்.

ஓபிடி அடாப்டரை போன்ல இணைச்சு கோடு படிக்கிறதை நம்ம சேனல் வீடியோவுல படிப்படியா காட்டியிருக்கேன். புதுசா கார் வாங்கின நண்பர் யாராவது இருந்தா அனுப்பி வைங்க. அடுத்த வாரம் மோட்டார் இன்சூரன்ஸ் ஆட்-ஆன்கள்ல எது தேவை, எது தேவையில்லைன்னு பார்ப்போம்.